நினைவு மலர் தயாரிப்பது எப்படி: சட்டைப்பைச் சீட்டிலிருந்து அச்சுப் புத்தகம் வரை

அப்பா ரைஸ் மில்லில் 31 வருடம் கணக்கு எழுதியவர். வீட்டுக் கணக்கைத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதுவார். எழுதி முடித்ததும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் கம்பியில் குத்திவிடுவார். கம்பி நிறைந்தால் நூல் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றுவார். அவர் போன பிறகு கருமாதிக்காக வீட்டைக் கழுவி ஒழித்தோம். உதவிக்கு வந்த சொந்தக்காரர்கள் நல்ல மனதோடுதான் பரணைக் காலி செய்தார்கள். அந்தக் கட்டுகளெல்லாம் கொல்லையில் எரிந்துபோனது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. மிஞ்சியது, ஆணியில் தொங்கிய சட்டைகளின் பையிலும் கண்ணாடிக் கூட்டிலும் இருந்த ஏழு சீட்டுகள்.

அந்த ஏழிலிருந்துதான் அப்பாவின் நினைவு மலர் தொடங்கியது. முதலாம் ஆண்டு நினைவு நாளன்று 48 பக்கத்தில் வெளியிட்டோம். அதற்குப் பிறகு சொந்தத்திலும் நட்பிலும் இன்னும் சில வீடுகளுக்கு உட்கார்ந்து செய்து கொடுத்திருக்கிறேன். செய்து செய்து கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கல்லைப் பாருங்கள்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டு. தன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்ட கல். வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த கல் இதைவிட மிகப் பழையது. தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் சில சொற்கள்தான்: 'கல் பேடு தீயன் அந்தவன் கூடலூர் ஆகோள்.' ஆகோள் என்றால் மாடு கவரும் சண்டை. யாருடைய கல், எந்த ஊர், எந்தச் சண்டை என்பதோடு முடிந்துவிட்டது. மாவீரன், மாணிக்கம், குலவிளக்கு என்று எதுவும் இல்லை.

நினைவு மலரில் என்ன எழுதுவது என்று யார் கேட்டாலும் இந்த இரண்டு கல்லைத்தான் சொல்வேன். பெயர், ஊர், செய்த காரியம், கூட நின்ற நாயின் பெயர். நம் வீட்டு மலர்களில் பெரும்பாலும் இது இருப்பதில்லை. 'பண்பின் சிகரமே, பாசத்தின் இமயமே' என்று பக்கம் பக்கமாகப் போகும். அட்டையில் படத்தை மாற்றினால் எந்த வீட்டுக்கும் பொருந்திவிடும்.

நடுகல் எடுப்பதற்கே தொல்காப்பியம் படிகள் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். வாழ்த்து ஆறாவதாகத்தான் வருகிறது. முதல் வேலை காட்சி, அதாவது போய்க் கல்லைத் தேடுவது. நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

முதல் 16 நாள்: எதையும் எரிக்க விடாதீர்கள்

இந்த நாட்களில் யாருக்கும் எழுத மனம் வராது, எழுதவும் வேண்டாம். ஒரே ஒரு வேலை மட்டும். வீட்டில் ஒருவர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை எடுத்து, இறந்தவர் தொட்ட தாள் எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, கடன் நோட்டு, அரைகுறையாக எழுதிய டைரி. எது தேவை, எது குப்பை என்று இப்போது முடிவெடுக்க வேண்டாம். சட்டைகளைத் தானம் கொடுப்பதற்கு முன் பைகளில் கைவிட்டுப் பாருங்கள். சேலைகளின் மடிப்பையும் சுருக்குப் பையையும் பாருங்கள்.

அவருடைய செல்போனைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதத்தில் எண் போய்விடும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படாமல் கிடந்தால் நீக்கப்பட்டுவிடும். அதற்குள் வாய்ஸ் மெசேஜ்களையும் படங்களையும் கணினியில் இறக்கி வையுங்கள். 'வர்றப்ப வெத்தல வாங்கிட்டு வா' என்று யாருக்கோ அனுப்பிய நாலு நொடி குரல் அடுத்த வருடம் உங்களுக்கு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று இப்போது தெரியாது.

பழைய புகைப்படங்களில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டவை இருக்கும். பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஃப்ரேமோடு வெளிச்சத்தில் வைத்து, ஃப்ளாஷ் போடாமல், கொஞ்சம் சாய்வாகப் பிடித்துப் பிரதிபலிப்பு விழாத கோணத்தில் படமெடுங்கள். மற்ற படங்களை 600 டி.பி.ஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தில் எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். பல சமயம் ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். நீங்கள் பெயர் எழுதுவதாக இருந்தால் மெல்லிய பென்சிலில், ஓரமாக. பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் விழ வைக்கும்.

எந்த நாளுக்குத் திட்டமிடுவது

யாழ்ப்பாணத்தில் 31-ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்கை ஒட்டிப் புத்தகம் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அதற்குக் 'கல்வெட்டு' என்றே பெயர். தேவாரம், திருவாசகம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, மக்கள் (பிள்ளைகள்) புலம்பல், கடைசியில் நன்றி நவிலல் என்று அதற்கு ஒரு கட்டுக்கோப்பும் உண்டு. அது பழகிய கைகளுக்கு ஒரு மாதம் போதும். நமக்கு வழக்கமில்லை என்றால் 16-ஆம் நாளுக்கு நாலு பக்கக் கார்டோடு நிறுத்திக்கொண்டு, மலரை முதலாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களைப் போய்ப் பார்க்கவே ஆறு மாதம் ஆகும்.

பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும். பணம் எல்லோரும் போடலாம், யோசனையும் எல்லோரும் சொல்லலாம். ஆனால் கடைசிப் பிரதி ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும்.

போய் உட்காருங்கள், கேளுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான். யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். பட்டியலில் சொந்தக்காரர்கள் மட்டும் இருந்தால் அது பாதிப் பட்டியல்தான். கூட வேலை செய்தவர், பக்கத்து வீட்டுக்காரர், டீக்கடைக்காரர், சண்டை போட்டுப் பேசாமல் இருந்தவர் எல்லோரும் வேண்டும்.

'அவர் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'தங்கமான மனுஷன்' என்று பதில் வரும். அதற்கு மேல் போகாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அவரை முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள்? காலையில் எழுந்ததும் என்ன செய்வார்? கோபம் வந்தால் எப்படித் தெரியும்? கையில் காசில்லாத மாதம் என்ன நடந்தது? சாப்பாட்டில் எதை ஒதுக்கி வைப்பார்? ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சி வரும்.

கையில் ஒரு பொருளையோ படத்தையோ எடுத்துக்கொண்டு போங்கள். நான் அப்பாவின் சீட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மில்லில் மூட்டை தூக்கிய ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். கையெழுத்தைப் பார்த்ததும் அவர் சொன்னார்: "உங்கப்பா ஈரம் பாக்க மெஷினெல்லாம் தொட மாட்டாரு தம்பி. ரெண்டு நெல்ல எடுத்துக் கடிப்பாரு. 'டக்'னு சத்தம் வரணும். வரலன்னா மூட்டைய எறக்கவே விடமாட்டாரு." அவரே இரண்டு விரலால் நெல்லை எடுப்பது போலக் காட்டிப் பல்லில் வைத்தார். அப்பா சாப்பிடும்போது தாடையின் ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்துவார். அதற்குக் காரணம் கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பதிவு செய்வதில் சில விஷயங்கள். முதலில் அனுமதி கேளுங்கள், போனை மறைத்து வைத்துப் பதிவு செய்யவே கூடாது. போனை ஃப்ளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவருக்கு அருகில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயர் மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம், பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். அழுதால் பதிவை நிறுத்திவிட்டுச் சும்மா கூட உட்கார்ந்திருங்கள். தேதி தப்பாகச் சொன்னால் நடுவில் திருத்தாதீர்கள், கதை அறுந்துவிடும். வீட்டுக்கு வந்த அன்றே கோப்பை இன்னோர் இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

ஒப்பாரி பாடத் தெரிந்தவர் குடும்பத்தில் இருந்தால் அவரிடம் தனியாக ஒருநாள் போங்கள். சாவு வீட்டில் பாடியதை எல்லோரும் அழுகையாகத்தான் கேட்டிருப்போம். இறந்தவர் வாங்கிய நிலம், கட்டிய சுவர், வைத்த மரம், பெண் கொடுத்த ஊர் எல்லாம் அதில் இருக்கும். அப்பாவுக்கு அத்தை பாடியதில் 'மேலக்கொல்லை நார்த்தங்கா' என்று ஒரு சொல் வந்தது. அந்த மரம் நான் பிறப்பதற்கு முன்பே வெட்டப்பட்டதாம். காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்துக் கேட்டால் நிதானமாகச் சொல்வார்கள், அப்போது எழுதிக்கொள்ளுங்கள்.

தேதிகளைப் பிடிப்பது

பழைய ஆட்களுக்குத் தேதி நினைவிருக்காது, சம்பவம் நினைவிருக்கும். 'எட்டுக் கிரகம் சேர்ந்தப்ப நான் கைக்கொழந்த' என்றால் அது 1962 பிப்ரவரி. 'தனுஷ்கோடி அழிஞ்ச வருஷம்' 1964 டிசம்பர். 'அண்ணா செத்தப்ப' 1969 பிப்ரவரி. 'எம்.ஜி.ஆர் செத்தப்ப' 1987 டிசம்பர். 'புயல் வருஷம்' என்று மட்டும் சொன்னால் எந்தப் புயல் என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் 1952-ம் இருக்கிறது, 1977-ம் இருக்கிறது.

தமிழ் வருடப் பெயர் சொன்னால் 60 வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதை வைத்துக் கணக்குப் போடலாம். 2021-22 பிலவ என்றால் அதற்கு முந்தைய பிலவ 1961-62. அதில் மாசி என்றால் 1962 பிப்ரவரி, மார்ச். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியார் ஒரு தேதி போட்டுவிடுவார். ஜாதகம் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு என்றால் இரண்டையும் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் வேறு மாதிரி சொன்னாலும் அப்படித்தான்.

எழுதும்போது

ஒரு பக்கத்துக்கு ஒரு காட்சி. பிறப்பில் தொடங்கி இறப்பில் முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

எழுதி முடித்த வரியில் விரல் வைத்து, 'இது வேறு யாருக்காவது பொருந்துமா?' என்று கேளுங்கள். பொருந்தினால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அப்பாவைப் பற்றி முதலில் நான் எழுதியது 'அன்பான கணவராக வாழ்ந்தார்' என்று. பிறகு சீட்டுகளை மறுபடி வரிசையாக அடுக்கினேன். ஒரு பக்கம் பெரிய எழுத்தில் தேதி, கிழமை, திதி, ராகுகாலம். பின்பக்கம் அவருடைய சாய்ந்த கையெழுத்து: 'பால் 22. டீத்தூள் 18. பூ 10. பஸ் 6.' ஏழில் மூன்று வெள்ளிக்கிழமைச் சீட்டு. அந்த மூன்றில் மட்டும் பூ இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். "வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம. கல்யாணம் ஆன வாரத்துலேர்ந்து" என்றாள். மில்லில் மூன்று மாதம் சம்பளம் வராதபோது பூவுக்குப் பதில் கொல்லையிலிருந்து நந்தியாவட்டை பறித்து வந்து வைத்தாராம். மலரில் அந்தச் சீட்டின் இரண்டு பக்கத்தையும் அச்சிட்டு, கீழே அம்மா சொன்னதை மட்டும் போட்டேன். 'அன்பான கணவர்' என்ற வரியை அடித்துவிட்டேன்.

பெண்களுக்கு எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். 'நல்ல மனைவி, நல்ல தாய்' என்று முடித்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவர் பிறந்த ஊர், வீட்டில் கூப்பிட்ட பெயர், எத்தனாவது வரை படித்தார், ஏன் நிறுத்தினார்கள், யார் தோழிகள், கையில் என்ன தொழில் இருந்தது? அவர் போடும் மாவடு ஊறுகாயின் அளவு யாருக்காவது தெரிந்தால் ஒரு முழுப் பக்கம் கொடுங்கள்.

சொல்லத் தயங்குகிற விஷயங்கள்

எல்லா வீட்டிலும் உண்டு: குடி, கடன், இரண்டாவது குடும்பம், பாகப்பிரிவினைச் சண்டை. என் நிலை இதுதான்: பொய் எழுதக் கூடாது, எல்லாவற்றையும் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. உயிரோடு இருக்கிற ஒருவரைக் காயப்படுத்தும் என்றால் அவரிடம் முதலில் காட்டுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் ஒரு மனிதரைப் பெயரே இல்லாமல் அழித்துவிடாதீர்கள். கோபித்துக்கொண்டு போன தம்பி, கலப்பு மணம் செய்த மகள், சின்ன வயதில் இறந்த குழந்தை எல்லோருக்கும் வம்சாவளியில் இடம் உண்டு. ஒரு வீட்டில் இதற்காக நான் ஒரு மாதம் வாதாடினேன். கடைசியில் அந்த மகளின் பெயர் வந்தது, நினைவு நாளுக்கு அவரும் வந்தார்.

வம்சாவளியைக் குறைந்தது மூன்று தலைமுறைக்குப் போடுங்கள், பெண் வழியையும் சேர்த்து. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தா பெயர் பேரனுக்குப் போகும். அதனால் ஒரே பெயர் நாலு இடத்தில் வரும். பிறந்த வருடத்தையோ ஊரையோ பக்கத்தில் சேர்த்துவிட்டால் குழப்பம் இருக்காது.

இறப்பு ஒரு வீட்டோடு நிற்காமல் ஊருக்கே நேர்ந்ததாக இருந்தால் பெயர் இன்னும் முக்கியம். கும்பகோணம் பள்ளித் தீயில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் பெற்றோர் பிள்ளைகளின் படங்களுக்கு முன் மலர் வைத்து விளக்கேற்றுகிறார்கள். 94 என்பது செய்தித்தாளுக்கு எண். அங்கே வந்து நிற்கும் அம்மாவுக்கு அது ஒரே ஒரு முகம். அப்படிப்பட்ட மலரில் தலைவர்களின் இரங்கல் செய்தியைக் குறைத்து, ஒருவருக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

அச்சகத்தில்

ஏ5 அளவு போதும், கைக்கு அடக்கம். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். உள் தாள் 80 ஜி.எஸ்.எம் (தாளின் கன அளவு) மேப்லித்தோ என்ற சாதாரண அச்சுத் தாள், படங்கள் நிறைய இருந்தால் அந்தப் பக்கங்கள் மட்டும் ஆர்ட் பேப்பர். எழுத்து 13 புள்ளிக்குக் குறைய வேண்டாம், படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள். சொந்தக்காரர்களிடம் படம் கேட்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். 100, 200 பிரதி என்றால் டிஜிட்டல் அச்சு, அதற்கு மேல் போகப் போக ஆஃப்செட் கட்டுபடியாகும்.

நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தாலும் டி.டி.பி. (கணினியில் பக்க வடிவமைப்பு) செய்பவர் தன்னிடமுள்ள பழைய எழுத்துருவுக்கு மாற்றக்கூடும். அதில் கொம்பும் காலும் இடம் மாறும், ஸ்ரீ காணாமல் போகும். எனவே மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாக மெய்ப்புப் பாருங்கள். ஒருவர் சத்தமாகப் படிக்க இன்னொருவர் மூலத்தைப் பார்க்க வேண்டும். பெயர்களையும் தேதிகளையும் மட்டும் தனியாக மூன்றாவது முறை.

எங்கெல்லாம் வைப்பது

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறு எங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் இருந்தன. பிறகு வந்த நூலகம் இணையத் திட்டம் ஈழத்து நினைவு மலர்களையும் ஸ்கேன் செய்து சேர்த்து வைத்திருக்கிறது. ஊர் வரலாறு தேடுகிறவர்கள் இன்று அந்தக் குடும்ப மலர்களைத்தான் புரட்டுகிறார்கள்.

ஆகவே எல்லாப் பிரதியையும் ஒரே வீட்டுப் பரணில் வைக்காதீர்கள். ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு, ஊர் நூலகத்துக்கு ஒன்று, அவர் படித்த பள்ளிக்கு ஒன்று. பி.டி.எஃப், குரல் பதிவு, ஸ்கேன் மூன்றையும் இரண்டு பென் டிரைவில் போட்டு வேறு வேறு ஊரில் இருக்கும் இருவரிடம் கொடுங்கள். இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் உயிரோடு இருப்பவர்களின் முகவரி, போன் எண்ணை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

நினைவு நாளன்று

வெளியீடு என்று மேடை போட வேண்டாம். படையல் முடிந்ததும் பேரப்பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுந்து படிக்கட்டும். எங்கள் வீட்டில் நெல் கடிக்கும் பக்கத்தை என் அக்கா மகள் படித்தபோது மூட்டை தூக்கிய பெரியவர் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே அழைத்து உட்கார வைத்தோம்.

கடைசி நாலு பக்கத்தை வெறுமையாக விட்டு அச்சடிக்கச் சொல்லுங்கள். வருகிறவர்களிடம் பேனாவோடு கொடுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். அந்தப் பெரியவர் சொன்னது ஒரே ஒரு வரி: 'ஈரமில்லாத நாளில் எனக்கும் ரெண்டு நெல் கொடுத்துக் கடிக்கச் சொல்லிக்கொடுத்தார்.' எல்லோரும் போன பிறகு அந்தப் பக்கங்களையும் படமெடுத்துப் பென் டிரைவில் சேர்த்துவிடுங்கள்.